உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்தின் ஓயாத ஓட்டக்காரன் ‘ரன்’

மூன்றே எழுத்துதான். ஆனால் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி கண்டெடுத்த பொருள்கள் 645! இந்த ஒரு சொல்லோடு அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். பள்ளிக்கூடத்தில் நமக்கு ‘ரன் என்றால் ஓடு’ என்று சொல்லி, அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார்கள்.

*

அகராதியின் மிக நீளமான பதிவு என்ற முதலிடம் ‘ரன்’னுக்கு முன் ‘செட்’டுக்கு இருந்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை விளக்கவே சுமார் 60,000 சொற்கள் தேவைப்பட்டன. பிறகு 2000-ல் ‘மேக்’, 2007-ல் ‘புட்’, 2011-ல் ‘ரன்’ என்று முதலிடம் கைமாறியது. எம், பி, ஆர் என்று அகர வரிசையிலேயே மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? அகராதியைத் திருத்தும் வேலையை ‘எம்’ எழுத்தில் தொடங்கினார்கள், அதனால்தான்.

*

ரயில், மோட்டார், கம்ப்யூட்டர் என்று வந்த இயந்திரம் ஒவ்வொன்றும் ‘ரன்’னுக்குப் புது வேலை கொடுத்தது. நம் ‘ஓடு’வும் சோம்பேறி இல்லை. பஸ் ஓடும், கடிகாரம் ஓடும், படம் நூறு நாள் ஓடும். இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’ பொருந்தும். ஆனால் ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆகும் மூக்கு தமிழில் ஒழுகும். துணியின் சாயம் அங்கே ‘ரன்’, இங்கே போகும். கடையை ‘ரன்’ செய்பவர் நம் ஊரில் கடை நடத்துகிறார். காய்ச்சலும் அவர்களுக்கு ‘ரன்’தான், நமக்கு அடிக்கும். குளிப்பதற்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவதும் ‘ரன்’தான். அதை ‘குளியலை ஓட்டு’ என்று மொழிபெயர்த்தால் வீட்டில் சண்டை வரும்.

*

தேர்தல் என்றால் அமெரிக்க வேட்பாளர் ஓடுவார். அங்கே வினைச்சொல் ‘ரன்’. பிரிட்டன் வேட்பாளர் நிற்பார், அங்கே ‘ஸ்டாண்ட்’. தமிழ்நாட்டு வேட்பாளரும் நிற்கிறார். இந்த விஷயத்தில் நாம் லண்டன் கட்சி.

*

‘ரன்’னுக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்லில் கோட்டை விட்டால் போச்சு. நண்பரை ‘ரன் இன்டு’ செய்தீர்கள் என்றால், கடைத்தெருவில் எதேச்சையாகப் பார்த்தீர்கள். ‘ரன் ஓவர்’ செய்தீர்கள் என்றால், அவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டீர்கள்! ‘ரன் டவுன்’ செய்தால் அவரைப் பற்றி மட்டமாகப் பேசுகிறீர்கள் என்று கொள்ளலாம். வண்டியால் மோதித் தள்ளினீர்கள் என்றும் கொள்ளலாம். ‘ரன் அவுட்’ ஆவது கிரிக்கெட் வீரர் மட்டும் அல்ல. பால், பெட்ரோல், பொறுமை எதுவும் ஆகும்.

*

கிரிக்கெட் பேச்சு வந்ததால் ஒன்று. பந்தை எல்லைக்கோட்டுக்கு விரட்டி நான்கு ‘ரன்’ எடுப்பவர் ஓட வேண்டியதே இல்லை.

*

வங்கியின் மேல் நம்பிக்கை போய், எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் பாய்வதையும் ‘ரன்’ என்பார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் எடுக்க முயன்ற தொகை 4,200 கோடி டாலர். மறுநாள் வங்கி மூடப்பட்டது. இந்த ‘ரன்’னில் கால் வலித்தவர் யாரும் இல்லை, முக்கால்வாசி வேலையைக் கம்ப்யூட்டரும் செல்போனுமே பார்த்துவிட்டன.

*

ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் மாற்றுச் சொற்கள் ஏராளம். உடம்புக்கு நல்லது என்று காலையில் மெதுவாக ஓடினால் ‘ஜாக்’. உயிரைக் கொடுத்துக் குறைந்த தூரம் ஓடினால் ‘ஸ்பிரின்ட்’. ஆபத்துக்குப் பயந்து ஓடினால் ‘ஃப்ளீ’. மிரண்ட குதிரை திடீரென்று பிய்த்துக்கொண்டு பாய்ந்தால் ‘போல்ட்’. 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்த ஜமைக்கா வீரர் உசைனின் குடும்பப் பெயரும் ‘போல்ட்’தான். வைத்தவர்கள் வாய்க்குச் சர்க்கரை போடலாம்!

*

சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த புகழ்பெற்ற ஆங்கிலப் புத்தகம் ரோஜே தெசாரஸ். 1852-ல் அது வெளியானபோது தொகுத்த பீட்டர் மார்க் ரோஜேவுக்கு வயது 73. தொழிலால் மருத்துவர். புத்தகம் அருமையானது. ஆனால் ஒரே பட்டியலில் இருப்பதாலேயே ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துவிட முடியாது. கம்பெனியை ‘ரன்’ செய்யலாம், ‘மேனேஜ்’ செய்யலாம். இயந்திரத்தை ‘ரன்’ செய்யலாம், ‘ஆப்பரேட்’ செய்யலாம், ‘மேனேஜ்’ செய்வது ஒட்டாது. நதிக்கு ‘ஃப்ளோ’ பொருந்தும், பஸ்ஸுக்குப் பொருந்தாது. மனுவில் பெரிய வார்த்தையாகப் போட்டால் மரியாதை கூடும் என்று ‘ரன்’னை அடித்துவிட்டு அகராதியில் கிடைத்ததை எழுதுபவர்கள் கொஞ்சம் யோசிக்கவும். பல சமயம் சின்ன வார்த்தைதான் சரியான வார்த்தை.

*

வெறி பிடித்தாற்போல் கண்ணில் பட்டவரை எல்லாம் தாக்கித் திரிவது ‘ரன் அமோக்’. இதில் ‘அமோக்’ மலாய் மொழி ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல்.

*

புதுக் கார் வாங்கியதும் எஞ்சின் பழகும் வரை மெதுவாக ஓட்டுவது ‘ரன்னிங் இன்’. முன்பு பிரிட்டனில் அப்படிப்பட்ட கார்களின் பின்கண்ணாடியில், ‘வண்டி பழகுகிறது, முந்திச் செல்லுங்கள்’ என்ற பொருளில் ஒரு வாசகம் ஒட்டியிருப்பார்கள்.

*

நாமும் ‘ரன்’னை விட்டுவைக்கவில்லை. “ரன்னிங்ல ஏறாதப்பா!” என்று கண்டக்டர் கத்தினால், ஓடும் பஸ்ஸில் தொற்றாதே என்று அர்த்தம். ‘நல்ல ரன்னிங் கண்டிஷன்’ என்று பழைய பைக்கை விற்பவர் சொன்னால், எதற்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

*

பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு: ‘ரன்’னின் இறந்தகாலம் ‘ரேன்’. ஆனால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ முன்னால் வந்தால் மறுபடியும் ‘ரன்’தான். ‘கம்’, ‘கேம்’, ‘கம்’ போலவே. ‘ஹேவ் ரேன்’ என்று எழுதினால் மார்க் போய்விடும்.