அட்மிஷன் பதிலுக்காகக் காத்திருக்கீங்களா? அதுவரை உங்க பணம் எங்க இருக்கணும்?



ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா, முதல் வேலையா மெயிலைத் திறந்து பார்க்கிறீங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

வேலை பார்த்துக்கிட்டே அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ எம்எஸ் அப்ளை பண்ணியிருக்கீங்க. அமெரிக்காவுக்கு டிசம்பர்ல அனுப்பினதுக்குப் பதில் வர மார்ச், ஏப்ரல் ஆகலாம். ஜெர்மனியில அக்டோபர் செமஸ்டருக்குப் பல படிப்புகளோட கடைசித் தேதியே ஜூலை 15தான். பதில் ஆகஸ்ட்லகூட வரும்.

இந்த இடைப்பட்ட மாசங்கள்ல ரெண்டு தப்பு நடக்குது. "கண்டிப்பா கிடைச்சிடும்"னு நம்பி வேலையை விடறது ஒண்ணு. "வந்தப்புறம் பார்த்துக்கலாம்"னு எதுவுமே பண்ணாம இருக்கிறது இன்னொண்ணு.

இதுக்கு ஒரு எளிய சோதனை இருக்கு. எந்த முடிவு எடுத்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க. அட்மிட் வந்தா இது சரியா இருக்குமா? ரிஜெக்ட் வந்தாலும் சரியா இருக்குமா? ரெண்டுக்கும் ஆமான்னா இப்பவே பண்ணுங்க. ஒண்ணுக்கு மட்டும் ஆமான்னா, பதில் கையில வர்ற வரைக்கும் தள்ளிப் போடுங்க. வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

1. பணத்துக்குப் பூட்டு போடாதீங்க

ஜனவரியில ஹெச்ஆர்கிட்டயிருந்து "இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் கொடுங்க"ன்னு மெயில் வரும். உடனே அவசர அவசரமா இஎல்எஸ்எஸ்ல பணம் போடுவோம். அது 3 வருஷம் லாக்-இன். வரி சேமிப்பு எஃப்டின்னா 5 வருஷம். பிபிஎஃப் 15 வருஷம்.

நீங்க புதிய வரிமுறையில இருந்தா இதுக்கெல்லாம் கழிவே கிடையாது. பழைய முறைன்னா, உங்க பிஎஃப் பங்கும் அந்த 1.5 லட்சத்துக்குள்ளதான் வருது. அதை முதல்ல கழிச்சுப் பாருங்க. 20% வரி கட்டுறவருக்கு முழு 1.5 லட்சத்துக்கும் மிச்சமாகிறது 31,200 ரூபாய். ஆனா ஆகஸ்ட்ல அதே 1.5 லட்சம் குறையுதுன்னு 10% வட்டிக்குக் கடன் வாங்கினா, வருஷத்துக்கு 15,000 ரூபாய் வட்டி. லாக்-இன் முடியறதுக்குள்ள அந்த மிச்சத்தை வட்டி சாப்பிட்டுடும்.

அடுத்த எட்டு மாசத்துக்குள்ள தேவைப்படலாம்கிற பணம் சேவிங்ஸ் அக்கவுன்ட், குறுகிய கால எஃப்டி, லிக்விட் ஃபண்ட் இந்த மூணுல இருக்கட்டும். "ஜூலை வரைக்கும் ஈக்விட்டி ஃபண்ட்ல இருக்கட்டுமே"ன்னு நினைக்காதீங்க. ஃபீஸ் கட்டுற தேதி மார்க்கெட் ஏறுற வரைக்கும் காத்திருக்காது.

2. செலவை அந்த ஊர்ப் பணத்துல எழுதுங்க

ஜெர்மனி மாணவர் விசாவுக்கு ப்ளாக்டு அக்கவுன்ட்ல காட்ட வேண்டிய தொகை, 2024 செப்டம்பர்லயிருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ. கணக்குக்கு ஒரு யூரோ 100 ரூபாய்னு வைங்க. சுமார் 11.9 லட்சம். யூரோ 5 ரூபாய் ஏறினா கூடுதலா 59,520 ரூபாய் வேணும். அதனால இன்னைக்கு ரேட்டை வச்சு மட்டும் இலக்கு போடாம, 5 முதல் 10 சதவீதம் சேர்த்தே போடுங்க. அட்மிட் வரலைன்னாலும் சேர்த்த பணம் உங்ககிட்டதான் இருக்கும்.

3. டெபாசிட் கட்டச் சொன்னா அவசரப்படாதீங்க

அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டி சீக்கிரமே அட்மிட் கொடுத்து, சீட்டுக்கு டெபாசிட் கேட்கும். உங்களுக்குப் பிடிச்ச இடத்துலயிருந்து பதிலே வந்திருக்காது. "ஏப்ரல் 15 வரைக்கும் டைம் இருக்கு"ன்னு நண்பர்கள் சொல்வாங்க. அது பாதி உண்மை. அந்த ஏப்ரல் 15 ஒப்பந்தம், அதுல சேர்ந்திருக்கிற யுனிவர்சிட்டிகள் கொடுக்கிற உதவித்தொகை, அசிஸ்டென்ட்ஷிப் ஆஃபர்களுக்குத்தான். சொந்தக் காசுல படிக்கிற எம்எஸ்ஸுக்கு அந்தந்த யுனிவர்சிட்டி சொல்ற தேதிதான் கணக்கு.

டெபாசிட் திரும்ப வருமா, தேதியைத் தள்ளி வைக்க முடியுமான்னு மெயில்ல கேளுங்க. திரும்ப வராதுன்னா, அதை "போனாலும் பரவாயில்லை"ன்னு சொல்லக்கூடிய தொகையான்னு பார்த்துட்டுக் கட்டுங்க.

4. வீட்டுப் பத்திரத்தை இப்பவே எடுத்துப் பாருங்க

பொதுத்துறை வங்கிகள்ல கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினா பொதுவா சொத்து அடமானம் கேட்பாங்க. நம்ம வீடுகள்ல சிக்கல் இங்கதான். பத்திரம் அப்பா பேர்ல இருக்கும், பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கும். ஜூன் மாசம் பேங்க் வக்கீல் இதைக் கண்டுபிடிச்சா அப்புறம் ஓட்டம்தான்.

வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறது, பட்டா பெயர் மாத்துறது ரெண்டையும் இப்பவே தொடங்குங்க. அட்மிட் வரலைன்னாலும் இது வீட்டுக்கு நல்லதுதான்.

ஒண்ணு ஞாபகம் வைங்க: கடன் சாங்ஷன் ஆகிறது வேற, பணம் ரிலீஸ் ஆகிறது வேற. ரிலீஸ் ஆன தொகைக்குத்தான் வட்டி. ஆனா படிக்கிற காலத்துலயும் அந்த வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். 20 லட்சம் 10% வட்டிக்குன்னா வருஷத்துக்கு 2 லட்சம். அப்பா அம்மா வீட்டை அடமானம் வைக்கிறதுக்கு முன்னாடி இந்த எண்ணை அவங்களுக்கும் காட்டுங்க. கையெழுத்து போடப்போறது அவங்களும்தானே.

5. ராஜினாமா எப்போ?

நிறையப் பேர் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி இது. நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஆகஸ்ட் மூணாவது வாரம் கிளாஸ். ஜூலை கடைசியில வேலையை முடிக்கணும்னா மே முதல் தேதியே பேப்பர் போடணும். ஆனா அப்போ விசா கையில இருக்காது.

கணக்கு போடுவோம். மாசச் சம்பளம் கிராஸ் 60,000, கைக்கு வர்றது 55,000. விசா ஜூன் 15 வருது, அன்னைக்கே ராஜினாமா பண்றீங்க. 45 நாள் வேலை பார்த்து, மீதி 45 நாளுக்கு பை-அவுட் கட்டினா செலவு 90,000 ரூபாய். அதுக்குப் பதிலா மே மாசமே ராஜினாமா பண்ணி, விசா மறுக்கப்பட்டு, அடுத்த வேலைக்கு நாலு மாசம் ஆனா? 2,20,000 ரூபாய் போச்சு. மனசு படுற பாடு தனி.

அதனால பை-அவுட் தொகையைப் படிப்புச் செலவுலயே ஒரு வரியா எழுதிடுங்க. அதுக்கு முன்னாடி உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் படிங்க. பை-அவுட் பேசிக்குக்கா கிராஸுக்கா, கம்பெனி ஒத்துக்கணும்னு இருக்கான்னு பாருங்க. இன்னொரு வழியும் இருக்கு. எஃப்-1 விசாவை கிளாஸ் தொடங்குறதுக்கு 365 நாள் முன்னாடியே வாங்கலாம் (உள்ள நுழையறதுதான் 30 நாளுக்குள்ள). சேரப்போற இடம் முடிவானதும் ஐ-20 வாங்கி விசாவுக்கு சீக்கிரம் போனா இந்த இழுபறி குறையும்.

6. அப்பா அம்மா இன்ஷூரன்ஸ்

கம்பெனி கொடுத்த மெடிக்கல் கவர் பொதுவா உங்க கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். அதுல அப்பா அம்மாவும் இருந்தா அவங்களுக்கும்தான். ஏற்கனவே சுகர், பிபி இருந்தா தனிப் பாலிசியில 3 வருஷம் வரைக்கும் வெயிட்டிங் பீரியட் இருக்கலாம். அந்தக் கடிகாரத்தை இன்னைக்கே ஓட விடுங்க. நீங்க போனாலும் போகாட்டியும் இது தேவை.

பதில் "இல்லை"ன்னு வந்தா?

கணக்கு பாருங்க. வேலை இருக்கு. சேர்த்த பணம் இருக்கு. பட்டா சரியாயிருக்கு. அப்பா அம்மாவுக்கு பாலிசி இருக்கு. அடுத்த இன்டேக்குக்கு இன்னும் கொஞ்சம் பலமா அப்ளை பண்ணலாம், இல்ல அந்தப் பணத்தை நீண்ட கால முதலீடா மாத்தலாம்.

ரிசல்ட் நம்ம கையில இல்லை. அது வர்ற அன்னைக்கு நம்ம நிலைமை எப்படி இருக்கணும்கிறது நம்ம கையிலதான் இருக்கு. இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க: அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து நோட்டீஸ் பீரியட் பகுதியைப் படிங்க. மீதியை அங்கிருந்து தொடங்கலாம்.

நல்ல மெயில் வர வாழ்த்துகள்!