மடிக்கணினிக்கு எவ்வளவு நினைவகம்?

நிரல் எழுதப் பழக மடிக்கணினி வாங்க விரும்பும் மாணவர், "512 ஜி.பி., 8 ஜி.பி." என்று கடைக்காரர் கூறும் இரண்டு எண்களைப் பிரித்தறிதல் வேண்டும். முன்னது சேமிப்பகம், அஃது அலமாரி போன்றது. பின்னது நினைவகம், அது நாம் எழுதும் மேசை. மேசையில் இடம் போதாவிடில், கணினி சிலவற்றை அலமாரிக்கு அனுப்பி, வேண்டும்போது மீண்டும் எடுத்து வரும். அந்த அலைச்சலால்தான் கணினி திணறுகிறது.

பைத்தான் மொழியில் சிறு நிரல்கள் எழுத 8 ஜி.பி. போதும். உண்மையில், இடத்தை விழுங்குவது நிரலன்று. உடன் திறந்து வைத்திருக்கும் உலாவியே! (நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 11 கலத்தின் கணினியில், எழுதி அழிக்கத்தக்க நினைவகம் ஏறத்தாழ 4 கிலோபைட்டே இருந்தது.) ஆனால், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் கைப்பேசிச் செயலி உருவாக்குவோர்க்கு அது போதாது. அம்மென்பொருளும், அது திரையில் இயக்கிக் காட்டும் மாதிரிக் கைப்பேசியும் சேர்ந்து மேசையை நிரப்பிவிடும். அவர்கள் 16 ஜி.பி. தேர்ந்தெடுத்தல் நலம். 32 ஜி.பி. பள்ளி மாணவர்க்கு வீண்செலவு.

இப்போது 8 வாங்கி, பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம் என எண்ணுவோர் உளர். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு மாற்ற இயலாது. பெற்றோர் பணம் செலுத்துமுன், "கூடுதல் நினைவகம் பொருத்த இடம் உண்டா?" என்று கடைக்காரரிடம் வினவுக.