சேர்ந்து ஆடும் ஆட்டம்: சின்னப் பிள்ளைக்கு எந்த வீடியோ கேம் நல்லது?

"போனை வாங்குனா வீட்டையே ரெண்டாக்கிடுறான்." தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசம் பக்கம் நாலைந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. கேட்கிறவர்கள் உடனே சொல்லும் பதில்: "போனைக் கண்ணுலயே காட்டாதீங்க." இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தப் பதில் முழுக்கச் சரி. நாலு, ஐந்து, ஆறு வயதில் அது நடைமுறையில் நிற்பதில்லை. அப்பாவின் போன், அத்தையின் போன், சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த டேப்லெட் என்று வீட்டில் எங்கே திரும்பினாலும் ஒரு திரை இருக்கிறது. எந்த ஆட்டம், யாரோடு, எவ்வளவு நேரம் என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். இந்த மூன்றில் 'யாரோடு' என்பதற்குத்தான் நான் முதல் இடம் தருவேன்.

## அழுகை எங்கிருந்து வருகிறது?

ஆசையை அடக்கிக்கொள்வது, பாதியில் நிறுத்துவது, ஏமாற்றத்தைத் தாங்குவது இவையெல்லாம் மூளையின் முன்பகுதி செய்கிற வேலை. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயது தாண்டிவிடும். ஐந்து வயதில் அது அப்போதுதான் வேலை பழகத் தொடங்கியிருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிற பல போன் ஆட்டங்களோ அந்த இடத்தைத்தான் குறிவைக்கின்றன. சில நொடிக்கு ஒரு காசு, ஒரு மணிச் சத்தம், திடீரென்று தோல்வி, நடுவில் ஒரு விளம்பரம், உடனே அடுத்த சுற்று. எங்கே முடிகிறது என்று பெரியவர்களுக்கே தெரியாத ஆட்டத்தைப் பிள்ளை எப்படி நிறுத்தும்? நாம் போனைப் பிடுங்குகிற நேரம் எப்போதும் அதற்கு நடுவழிதான்.

தோல்வியும் ஒரு காரணம். "தோத்துப் பழகட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். பழகத்தான் வேண்டும். ஆனால் தாயத்திலோ பல்லாங்குழியிலோ தோற்கும்போது எதிரே ஓர் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். முகம் வாடினால், "சரி, இன்னொரு தடவை போடு" என்று விட்டுக்கொடுக்கிறாள். இயந்திரம் விட்டுக்கொடுக்காது. தனியாக உட்கார்ந்து பத்துத் தடவை அதனிடம் தோற்ற பிள்ளையின் கோபம் முழுவதும் பதினோராவது தடவை அம்மாவின் மேல் இறங்குகிறது.

பிள்ளையும் பெரியவரும் ஒரே கட்சியாக நின்று ஆடுகிற ஆட்டங்கள் இருக்கின்றன. எதிர்க்கட்சியே கிடையாது. ஒருவர் கதவைத் திறந்து பிடிப்பார், மற்றவர் உள்ளே போவார். அவற்றில் சிக்கல் வரும்போது பிள்ளை கத்துவதற்குப் பதில் பக்கத்தில் திரும்பி, "இப்ப என்ன பண்றது?" என்று கேட்கிறது. உடல்நலக் கண்ணோடு பார்த்தால் அந்தக் கேள்விதான் முக்கியம். பேச்சும் பொறுமையும் அங்கேயிருந்துதான் வளர்கின்றன.

## எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயதுவரை உட்காரவைத்துத் திரை காட்டுவது வேண்டாம். இரண்டு வயதாகும்வரை அதைப் பரிந்துரைப்பதில்லை. இரண்டிலிருந்து நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அகாதெமியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: இரண்டு வயதுக்குள் வேண்டாம்; இரண்டு முதல் ஐந்து வரை அதிகபட்சம் ஒரு மணி; ஐந்து முதல் பத்து வரை இரண்டு மணிக்குக் குறைவாக. இது டிவி, யூடியூப், ஆட்டம் எல்லாம் சேர்ந்த கணக்கு. காலையில் கார்ட்டூனுக்கு அரை மணி போய்விட்டால் மிச்சம் அரை மணிதான். சேர்ந்து ஆடுகிறோம் என்பதற்காகக் கணக்கு நீளாது.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு இருபது நிமிடம் தாராளம். நிமிடத்தைவிடவும் ஆட்டத்தின் முடிவைக் குறிவைத்து நிறுத்துவது சுலபம். "இந்தப் படகு அக்கரை போனதும் அணைச்சுடுவோம்" என்றால் பிள்ளைக்குப் புரியும். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது அந்த வயதுக்கு வெறும் சத்தம்.

## பரணில் கிடக்கும் மடிக்கணினி

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கோ சித்தப்பாவுக்கோ கிடைத்த ஒன்று காவிரி டெல்டாவில் பல வீடுகளில் இன்னும் கிடக்கிறது. பேட்டரி போயிருக்கும், சார்ஜரில் செருகினால் ஓடும். சின்னப் பிள்ளையோடு ஆட அதைவிட நல்ல கருவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பேன். திரை பெரியது, கண்ணிலிருந்து தள்ளி இருக்கும், இரண்டு பேர் பக்கத்தில் உட்காரலாம், நடுவில் போன் வராது.

அதில் போட வேண்டியது ஜிகாம்ப்ரி. இரண்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கான கட்டற்ற மென்பொருள். காசும் விளம்பரமும் கிடையாது. ஒருதடவை இறக்கிவிட்டால் இணையமும் தேவையில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஆட்டங்கள் உள்ளே இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் ஊர்ப் பிள்ளைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஒரு கால்வாய். நடுவில் இரண்டு கதவுகளுக்கு இடையே ஒரு நீர்த்தொட்டி. டக்ஸ் என்ற பென்குயின் படகில் வந்து நிற்கும். மதகை எந்த வரிசையில் திறப்பது, எப்போது மூடுவது என்று கண்டுபிடித்து அந்தப் படகை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் கடத்திவிட வேண்டும். தப்பான கதவை அழுத்தினால் எதுவும் வெடிக்காது, உயிர் போகாது. கதவு திறக்காமல் நிற்கும், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், பாசன வாய்க்காலில் லஸ்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேரனை மடியில் வைத்துக்கொண்டு இதை ஆடியதை ஒரு விடுமுறை நாளில் பார்த்தேன். பையன் அவசர அவசரமாகக் கதவையே அழுத்திக்கொண்டிருந்தான். "மேத்தண்ணியும் உள்தண்ணியும் சமமாவாம கதவு எப்படிரா தொறக்கும்? மொதல்ல சின்ன மதகைத் தொற" என்றார் தாத்தா. தண்ணீர் ஏற ஏறப் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். படகு நகர்ந்ததும், "நம்ம குடமுருட்டி ஷட்டர்ல படகு போவுமா தாத்தா?" "அது பாசனத்துக்குப்பா. படகுக்கு இல்ல." அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி. மேட்டூர் அணையைத் திறக்க ஏன் ஜூன் 12-ஆம் தேதியைக் கணக்கு வைக்கிறார்கள், தலைமடைக்கு வந்த தண்ணீர் கடைமடைக்கு ஏன் தாமதமாகப் போகிறது என்றெல்லாம் தாத்தா சொல்ல ஆரம்பித்துவிட்டார். மடிக்கணினி தானாகத் திரையை அணைத்துக்கொண்டது, இருவரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் பையனின் கையைப் பிடித்து அழைத்துப்போய் உண்மையான ஷட்டரையும் காட்டிவிட்டு வந்தார். ஆட்டம் நல்ல ஆட்டமா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த சோதனையை நான் அறியவில்லை: அணைத்த பிறகும் அதைப் பற்றிப் பேச்சு ஓட வேண்டும்.

இதே மென்பொருளில் நீர்ச்சுழற்சி ஆட்டமும் உண்டு. சூரியனை எழுப்பி, மேகம் திரட்டி, மழை பெய்வித்து, கடைசியில் டக்ஸைக் குளிக்கவைக்க வேண்டும். படம் வரையப் பிடித்த பிள்ளைக்கு டக்ஸ் பெயின்ட், அதுவும் இலவசம். ஒருவர் வயல் வரைய, மற்றவர் கொக்கு ஒட்டலாம்.

## போனிலும் டிவியிலும்

போன்தான் இருக்கிறதென்றால் முதலில் பிளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். விளம்பரம் உண்டு, உள்ளே வாங்குதல் உண்டு என்று எழுதியிருந்தால் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். கான் அகாதெமி கிட்ஸ் இலவசம், விளம்பரம் இல்லை. ஆங்கிலத்தில் பேசும் என்பதால் பெரியவர் கூட இருந்தால் நல்லது. 2014-இல் வந்த மானுமென்ட் வேலி காசு கொடுத்து வாங்குவது. கடிகாரமும் சண்டையும் இல்லாத ஆட்டம். படிக்கட்டையும் கோபுரத்தையும் விரலால் திருப்பி ஒரு சிறுமிக்கு வழி அமைக்க வேண்டும். ஒரே போனில் இரண்டு தலை குனிந்து யோசிக்க ஏற்றது. ஆறேழு வயது ஆகியிருக்க வேண்டும்.

மைன்கிராஃப்ட்டைப் பற்றிப் பெற்றோர் நிறையக் கேட்கிறார்கள். அதில் 'கிரியேட்டிவ்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, 'பீஸ்ஃபுல்' என்று வைத்துவிட்டால் பூதங்கள் தாக்க வராது. வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம். ஒரே வைஃபையில் இரண்டு கருவிகளை இணைத்து அம்மாவும் பிள்ளையும் ஒரே உலகத்துக்குள் போகலாம். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடுகிற வழியை மட்டும் அடைத்துவிடுங்கள். இந்த வயதில் அதற்கு எந்த அவசியமும் இல்லை.

டிவியில் இணைத்து ஆடும் கருவி உள்ளவர்களுக்கு வசதி அதிகம். லெகோ ஆட்டங்களில் பொம்மை உதிர்ந்தாலும் உடனே எழுந்துவிடும். இரண்டாவது ஆள் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம். சூப்பர் மாரியோ ஒடிஸியில் ஒருவர் மாரியோ, மற்றவர் அவன் தொப்பி. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஒண்டரில் யோஷியை எடுத்துக்கொண்ட பிள்ளையை எதிரிகள் இடித்தாலும் அடிபடாது. அன்ராவல் டூவில் நூலால் ஆன இரண்டு குட்டிகள் ஒரே நூலில் கட்டுண்டிருக்கும். கடினமான இடத்தில் இரண்டும் ஒன்றாகிப் பெரியவரே தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம். சில காட்சிகள் கொஞ்சம் பயமுறுத்தும், ஏழு வயதுக்குப் பிறகு போதும்.

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய ஆட்டத்தைக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கே சொல்வேன். அதில் மதுக்கடையெல்லாம் வருகிறது. ஆனால் அங்கே நட்ட நெல் எட்டு நாளில் விளைந்துவிடும், தண்ணீர்க் கரையோரம் நட்டால் ஆறே நாள். குறுவை நெல்லுக்கு 110 நாள் வாக்கில் ஆகும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு, எது ஆட்டம், எது உண்மை என்று சொல்லிக்கொடுக்க நல்ல இடம் அது.

## கூட உட்காருகிறவர் கவனிக்க வேண்டியது

சேர்ந்து ஆடுவது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் போனைப் பார்ப்பது ஆகாது. பிள்ளைக்கு எளிதான வேலையை விட்டுவிட்டு, கையைப் பிடுங்கி நீங்களே முடித்துக்காட்டுவதும் ஆகாது. தலைமை பிள்ளையிடம் இருக்கட்டும். "அடுத்து எங்க போவணும், நீயே சொல்லு" என்று கேளுங்கள். தப்பான வழியைக் காட்டினாலும் ஒருதடவை போய்ப் பாருங்கள். ஆத்திரம் வந்தால் திரையைப் பிடுங்காமல், "கோவம் வருதா? சரி, தண்ணி குடிச்சுட்டு வருவோம்" என்று சொல்லி எழுந்திருங்கள்.

சோறு ஊட்டுகிற நேரத்தில் மட்டும் எந்த ஆட்டமும் வேண்டாம். திரையைப் பார்த்து வாயைத் திறக்கிற பிள்ளைக்குப் பசி அடங்கியதே தெரிவதில்லை. வீட்டில் யாருக்கும் நேரமில்லாத நாளில் ஆட்டத்தைத் தனியாகக் கொடுத்து உட்காரவைப்பதைவிட, அப்பாயியிடம் முறமும் புளியங்கொட்டையும் கொடுத்துப் பிள்ளையோடு விளையாடச் சொல்வது மேல்.

## கண்ணும் தூக்கமும்

சின்னப் பிள்ளை போனை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிக்கிறது. கண்ணுக்கு அது நல்லதல்ல. டிவியோ மடிக்கணினியோ அதைவிடத் தேவலை. இருபது நிமிடத்துக்கு ஒருதடவை எழுந்து தூரத்தில் எதையாவது பார்க்கவைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய மருந்து வெளிவெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விளையாடவிட்டு மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதம், வெளியே விளையாடியவர்களில் 30.4 சதவீதம். 2015-இல் வெளியான முடிவு இது. வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. உச்சிவெயிலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் தெருவில், களத்தில், கோயில் பிராகாரத்தில் ஓடவிடுங்கள். ஒன்று முதல் நாலு வயதுவரை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் உடல் அசைவு வேண்டும் என்கிறது அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரையும் அணைய வேண்டும். மூன்று, நான்கு வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் தேவை. ராத்திரி பத்து மணிக்கு ஆட்டம், காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன் என்றால் அந்தக் கணக்கு எங்கேயும் சேராது.

## எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

வலிப்பு வந்த பிள்ளை, அல்லது குடும்பத்தில் வலிப்பு உள்ள பிள்ளை என்றால், பளிச்பளிச்சென்று மின்னும் ஆட்டம் எதையும் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்கு அந்த மின்னல் ஒளியே வலிப்பைத் தூண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, முகம் பார்த்துப் பேசாதது, இரண்டு வயது தாண்டியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாதது ஆகியவற்றுக்குப் போன்தான் காரணம் என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வளர்ச்சித் தாமதமாகவும் காது கேட்பதில் குறையாகவும் இருக்கலாம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் பாபநாசம் அரசு மருத்துவமனையிலோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். தலைவலி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, டிவிக்கு மிக அருகில் போவது இருந்தால் கண் பரிசோதனை.

வீடியோ கேம் கோளாறு என்ற ஒன்றை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. கட்டுப்பாடு கைவிட்டுப்போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாவது, கெடுதல் வந்தும் தொடர்வது, இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடிப்பது என்பவை அதன் அடையாளங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் ஒரு நாள் அழுகைக்கு அந்தப் பெயரை ஒட்ட வேண்டாம். வீட்டில் பெரிய பிள்ளைகள் யாரிடமாவது இந்த அடையாளங்கள் தெரிந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பதில் கிடைக்கும்.