பொறுப்பேற்றலும் மீள ஒப்புவித்தலும்

ஒரு பணி முழுவதையும் ஒரே சர்வரின்மேற் சுமத்துதல் அறிவுடைமையன்று. ஆதலின், பல சர்வர்களைக் கிளஸ்டர் என்னும் குழுவாகப் பிணைத்து, அவை ‘யான் உளேன்’ என ஒன்றற்கொன்று இடையறாது குறிப்பனுப்புமாறு அமைப்பர். தலைமைச் சர்வரின் குறிப்பு நின்றுவிடின், துணைச் சர்வர் அதன் பொறுப்பை ஏற்கும். இஃது ஃபெயில்ஓவர் எனப்படும். பழுது நீங்கியபின் பழைய சர்வரிடமே பொறுப்பை மீள ஒப்புவித்தல் ஃபெயில்பேக் ஆகும்.

முன்னதினும் பின்னதே அரிதென்பது எம் துணிபு. அதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவாம். 2018 அக்டோபர் 21-இல், கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கீழைக்கரை நிலையத்துத் தொடர்பு 43 நொடிகளே அறுபட்டது. உடனே மேலைக்கரைச் சர்வர்கள் தலைமை ஏற்றன. தொடர்பு மீண்டபோதோ, ஒரு கரையிலுள்ள பதிவுகளிற் சில மற்றதில் இல்லை. ஒன்றைத் தள்ளின், பயன்படுத்துவோர் எழுதியது அழியும். ஆதலின் விரைவைக் கைவிட்டுப் பதிவுகளைக் காத்தனர். எல்லாம் சீர்பட 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

குறிப்பு நின்றமை கொண்டே தலைமை இறந்ததெனல் பொருந்தாது. வழி அறுந்திருத்தலுங் கூடும். அன்று பெரும்பான்மை உடன்பாடு பெற்றே தலைமை மாறிற்று. எனினும் அது போதவில்லை. பின்னர் அந்நிறுவனத்தார், தலைமை தானாகக் கரை கடவாதபடி வரையறுத்தனர். ஏற்றல் நொடியில் முடியும். திருப்பித் தருதலோ, இரு பதிவுகளும் ஒத்தனவென்று கண்டபின்னரே தகும்.