கீறலைத் தாங்கும் அட்டை

காளிகாட் சித்திரங்கள் சரேலென்று இழுத்த தூரிகைக் கோடுகள். 19ஆம் நூற்றாண்டில் கோயிலுக்கு வந்த யாத்திரிகர்களுக்கு மலிவாக விற்பதற்காக, பட்டுவா ஓவியர்கள் ஆலைக் காகிதத்தில் நீர்வண்ணத்தால் தீட்டினார்கள்.

அவற்றில் பேர்பெற்றது, இறாலைக் கவ்விய பூனை. அதைக் கறுப்பு மை பூசிய சாதாரண அட்டையில் ஊசியால் கீறினாள் என் பேத்தி. மீசை வருமுன் அட்டை நார்நாராகப் பிய்ந்தது, குழந்தை அழுதுவிட்டாள்.

ரயில்வேயில் பெயிண்டுக்கு முன் அடிப்பூச்சைத்தான் பார்ப்போம். இங்கும் அதே கதை; மை நாருக்குள் ஊறக்கூடாது. வெள்ளைக் களிமண் பூசி வழவழப்பாக்கிய 'ஸ்கிராட்ச்போர்டில்' மை மேலாகவே நிற்கும். ஊசி பட்ட இடம் மயிரிழையாக வெளுக்கும். அட்டை வளைந்தால் பூச்சு வெடிக்கும், ஆகவே விறைப்பானதாகப் பார்த்து வாங்குங்கள். (நம் ஓலைச்சுவடியில் முறை நேர்மாறு: முதலில் கீறல், பிறகு மை.)

அடுத்த பூனைக்கு இரு பக்கமும் மீசை வந்தது.