‘லேட்டரைட்’: செங்கற்பொருளும் செந்நிறப்பொருளும்

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளையும் அவற்றைச் சூழ்ந்த நிலத்தையும் பற்றிய ஆங்கில நிலவியல், தொல்லியல் நூல்களில் ‘லேட்டரைட்’ என்னும் இலத்தீன்வழிச் சொல் பயின்று வருகிறது. தமிழில் இது பெரும்பாலும் ‘செம்புரைக்கல்’ எனப் பெயர்க்கப்படுகிறது. இரண்டும் ஒரு பொருளையே சுட்டினும், அப்பொருளின் வெவ்வேறு இயல்புகளை முதன்மைப்படுத்துகின்றன. இவ்வேறுபாட்டையும் அது மொழிபெயர்ப்பில் ஏற்படுத்தும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லின் தோற்றம்

இலத்தீனில் ‘லாட்டெர்’ என்பது செங்கல்லைக் குறிக்கும். ‘பக்கம்’ எனப் பொருள்படும் ‘லாட்டுஸ்’ என்பதன் வழிவந்த ‘லேட்டரல்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு இதற்கு ஒலியொப்புமை உண்டேயன்றிப் பொருள் தொடர்பு இல்லை.

‘லேட்டரைட்’ என்னும் பெயரைப் படைத்தவர் பிரான்சிசு புக்கானன். 1800 ஏப்ரல் 23 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட அவர், பயணத்தின் தொடக்கத்திலேயே பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றிக் குறித்துள்ளார். பின்னர் மலபாரின் அங்காடிப்புரத்தில், நிலத்தடியில் மென்மையாக இருந்து, வெட்டியெடுத்துக் காற்றுப்பட வைத்ததும் இறுகி, செங்கல்லைப் போலக் கட்டடத்திற்குப் பயன்படும் ஒரு கல்லைக் கண்டார். 1807இல் வெளியான தம் பயண நூலில் அதற்கு இப்பெயரை இட்டார். அந்நூலிலேயே, நாட்டு மொழிகள் சிலவற்றில் அக்கல் ‘இட்டிக கல்லு’ எனப்படுவதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

எனவே, இந்த இலத்தீன்வழிச் சொல் தென்னிந்திய வழக்கொன்றின் பொருள்பெயர்ப்பாகவே அமைகிறது எனலாம். செங்கல்லைக் குறிக்கும் ‘இட்டிகை’ அகநானூற்றிலேயே இடம்பெறும் சொல் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

தமிழ்ச்சொல் காட்டும் இயல்பு

‘செம்புரைக்கல்’ என்பது செம்மை, புரை, கல் என்னும் மூன்று கூறுகளால் ஆனது. ‘புரை’ இங்குத் துளை எனப் பொருள்படும். செந்நிறமும் துளைமலிந்த தன்மையும் இச்சொல்லில் பெயர்க்காரணங்களாகின்றன. செங்கல்லாகப் பயன்படும் இயல்பு இதில் இல்லை. அம்பத்தூருக்கு வடக்கேயுள்ள செங்குன்றமும் அதன் ஆங்கிலப் பெயரான ‘ரெட் ஹில்ஸ்’ என்பதும் அவ்வாறே நிறத்தையே சுட்டுகின்றன. ஆக, புக்கானனின் பெயர் பயன்பாட்டை நோக்கியது; தமிழ்ப்பெயர் தோற்றத்தை நோக்கியது.

பொருள் விரிவு

சென்னைப் பகுதிக்கு வந்தபோது ‘லேட்டரைட்’ பொருள் விரிந்தது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இராபர்ட் புரூசு ஃபூட் கண்டெடுத்த கற்கருவி ஒரு சரளைக் குழியில் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டனர். இவை பற்றி 1866இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் ஃபூட், ‘லேட்டரைட்’ என்னும் பெயர்ச்சொல்லை ஆளாமல், ‘லேட்டரிட்டிக்’ என்னும் பெயரடையையே ஆண்டார். மலபாரில் வெட்டியெடுக்கப்படும் பாளக்கல்லிலிருந்து வேறுபட்ட சரளைப் படிவுகளையும் அப்பெயரடை தழுவிக்கொள்கிறது.

இத்தகைய இரும்புச்சத்தால் இறுகிய சரளையைப் பிற்கால ஆய்வாளர்கள் ‘ஃபெரிக்ரீட்’ என்றும் குறிப்பிடுகின்றனர். இலத்தீனில் இரும்பைக் குறிக்கும் ‘ஃபெர்ரும்’ என்பதை முன்னொட்டாகக் கொண்டு 1902இல் லாம்ப்ளக் படைத்த சொல் இது.

மொழிபெயர்ப்பில் விளைவு

‘செம்புரைக்கற் பாறையில் கருவிகள் கிடைத்தன’ எனப் பெயர்த்தால், கருவிகள் அப்பாறையோடு தோன்றியவை என்னும் பிழையான எண்ணம் எழும். சரளையோ நீரால் அடித்துவரப்பட்டுப் பின்னர்ப் படிந்திருக்கக்கூடியது. அதனுள் இருக்கும் கருவி அப்படிவினும் பழமையானதாக இருக்கலாம். அதிரம்பாக்கத்தில் செம்புரைச் சரளைக்குக் கீழேயுள்ள களிமண் படிவிலும் அச்சூலியக் கருவிகள் கிடைத்துள்ளன. 2011இல் வெளியான ஆய்வு அக்கருவிகளின் காலத்தைச் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் எனக் கணித்தது. படிவுகளின் பெயர் தெளிவற்றிருப்பின் இக்காலவரிசையும் தெளிவிழக்கும்.

முடிவுரை

‘லேட்டரைட்’ என்பதற்கு எல்லா இடங்களிலும் ஒரே தமிழ்ச்சொல்லை ஆளுதல் பொருந்தாது. கட்டடத்திற்கு வெட்டப்படும் பாளத்தை ‘வெட்டுக்கல்’ என்றும், பொதுவான பொருளைச் ‘செம்புரைக்கல்’ என்றும், சென்னைப் பகுதியின் படிவுகளைச் ‘செம்புரைச் சரளை’ என்றும் வேறுபடுத்தி வழங்குதல் தகும். ஒரு கலைச்சொல்லின் வேர்ப்பொருளை அறிவதோடு, அது ஆளப்பட்ட நிலத்தையும் அறிந்தே அதனைப் பெயர்த்தல் வேண்டும்.