பெரியப்பாவின் பல்செட்டு

முந்திரிக்கொட்டை உடைக்கும் ஓசை நாளெல்லாம் கேட்கும் காடாம்புலியூரில், பலாக் காலத்தில், சுளையொன்றை மெல்ல மாட்டாமல் விரலிடையே உருட்டிக்கொண்டிருந்த என் பெரியப்பாவைப் பார்த்து, ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டிய பல்செட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இவர் ஏன் அடம் பிடிக்கிறார் என்று வீட்டார் சலித்துக்கொண்டபோது நானும் தலையாட்டினேன். அது அடமன்று, கம்பவாதத்தின் சேஷ்டை என்பது எனக்கு விளங்க வெகுகாலம் சென்றது.

1817-இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய சிறு நூலினால் அவர் பெயரையே பெற்றுவிட்ட இவ்வியாதியில், கை நடுங்குவதை ஊரே பார்க்கும். நாக்கும் உதடும் தாடையும் படும் பாட்டை எவரும் பார்ப்பதில்லை. பல்செட்டு, அதிலும் கீழ்ச்செட்டு, வாயில் தங்குவது மெல்லிய எச்சில் படலத்தாலும், உள்ளிருந்து நாக்கும் வெளியிலிருந்து கன்னமும் நெருக்குகையில் அவ்விரண்டுக்கும் நடுவே ஏற்படும் சமரசத்தாலுமே. விழுங்குதல் மந்தமாகிக் கடைவாயில் எச்சில் ஒழுகுகிறவருக்கே இவ்வியாதிக்கான மாத்திரையினால் வாய் உலர்ந்துபோவதும் உண்டு. நாக்கோ சொன்னபடி கேட்பதில்லை. செட்டு எப்படி நிற்கும்?

ஆகவே விஷயமறிந்த வைத்தியர், மிருதுவான மெழுகையோ பசையையோ வாயில் வைத்து, நோயாளியைப் பேசவும் நீர் அருந்தவும் செய்து, அவருடைய தசைகளே ஒதுக்கிக்கொடுக்கும் இடத்தைக் கண்டு, அங்கே முனை மழுங்கிய தட்டைப் பற்களை அடுக்குகிறார். வசதியும் எலும்பும் இருந்தால் கீழ்த்தாடையில் இரண்டு திருகாணிகளைப் பதித்து, அவற்றின்மேல் செட்டை மாட்டுகிறார். 1980-இல் அண்ணாமலை நகரில் தோன்றி இப்போது அரசின் வசமுள்ள பல் மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தை ஒட்டியே இருப்பது இப்பிரதேசத்தாருக்கு அனுகூலம்.

எனினும் வேலையின் பாதி கடிகாரத்தில் இருக்கிறது. மாத்திரை வேலை செய்யும் வேளையில், அநேகமாகக் காலையில், நாற்காலியை முழுதும் சாய்க்காமல் அளவெடுக்க வேண்டும். பெரியப்பாவின் முதல் செட்டுக்கு அளவெடுத்ததோ மருந்தின் வேகம் அடங்கிய மாலைப்பொழுதில். வியாதியைப் பற்றி வைத்தியர் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. பல்வைத்தியரிடம் போகிறவர்கள் மாத்திரைச் சீட்டையும், அதைச் சாப்பிடும் நேரத்தையும் தயவுசெய்து கையோடு கொண்டுபோங்கள். இரவில் செட்டைக் கழற்றிவிடுங்கள். தூக்கத்தில் தவறி விழுங்கிவிட்டால், செட்டு செய்யும் சாதாரண அக்ரிலிக் எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியாது.

இரண்டாம் செட்டு வந்தபின் பெரியப்பா நறுக்கிய பலாச்சுளையைத் தாமே மென்று தின்றார். முந்திரிப்பருப்பை மட்டும் கடைசிவரை இடித்துத்தான் கொடுத்தோம்.